அட்டையும் மெத்தையும்

(நமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அட்டை. தலைவர் அவர்கள் தலைப்பை வாசித்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. புத்தகத்துக்குப் போடும் அட்டையோ, கடற்கரையில் காயவைத்து ஏற்றுமதி செய்யும் கடலட்டையோ என்று சிலர் ஐயுற்றிருக்கலாம். இரண்டும் அல்ல. குளத்து நீரிலே வாழ்ந்து, மாட்டின் காலிலும் மனிதன் காலிலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் நீரட்டையைப் பற்றியே பேசப்போகின்றோம். அதைக் கொல்வது எப்படி என்று அல்ல. வளர்ப்பது எப்படி, அதற்கு உணவு கொடுப்பது எப்படி என்று பேசப்போகின்றோம். சைவ உணவு உண்ணும் நமக்கு இரத்தம் உண்ணும் பிராணியோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிலே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். மலைநாட்டிலும் ஈரவலயக் காடுகளிலும் புல் நுனியிலே காத்திருந்து காலிலே தாவும் சிற்றட்டை வேறு. அது காட்டட்டை. 1344 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபன் பதூதா, நமது ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியைப் பெற்றுச் சிவனொளிபாத மலைக்குச் சென்றபோது இந்தக் காட்டட்டையைக் கண்டு எழுதிவைத்தார். அங்குள்ள மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை ஒட்டியதும் சாற்றைப் பிழிந்து விழுத்துவார்கள் என்றும் குறிப்பிட்டார். நமது குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரி காலத்து ஆறே. எனவே நமக்குத் தெரிந்த அட்டை, குளத்திலும் கேணியிலும் வயல்வாய்க்காலிலும் வாழும் நீரட்டை. வைத்தியத்துக்கு உதவுவதும் இந்த இனமே.

இந்தப் பிராணியைப் பற்றி நம்மவர் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. அட்டையை எடுத்து மெத்தையிலே கிடத்தினாலும் அது செத்தையைத்தான் தேடும் என்பார்கள். கீழ்மக்களுக்கு மேன்மை கொடுத்தாலும் அவர்கள் இயல்பு மாறாது என்று இதற்குப் பொருள் சொல்வது வழக்கம். நாம் இப்பழமொழியை வேறு விதமாகப் படிக்க விரும்புகின்றோம். மெத்தை யாருக்குச் சுகம்? மனிதனுக்கு. அட்டைக்கு அது பாலைவனம். தோல் உலர்ந்து இறந்துபோகும். ஆகவே குற்றம் மெத்தையைத் தேடாத அட்டையிடம் இல்லை. அட்டைக்கு மெத்தை கொடுத்தால் அது மகிழும் என்று நினைத்தவனிடமே குற்றம் இருக்கிறது. ஒன்றைப் பேணுவதென்றால் முதலிலே அதன் இயல்பை அறியவேண்டும். இன்று நாம் சொல்ல விரும்பும் செய்தி இதுவே. மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

அட்டையின் இயல்பு என்ன? அதன் உடலின் இரு நுனியிலும் உறிஞ்சிகள் உள்ளன. தலைப்பக்கத்திலே ஐந்து சோடிக் கண்கள் உண்டு. அவை உருவத்தைக் காண்பதில்லை, ஒளியையும் நிழலையும் மாத்திரம் உணரும். வாயினுள்ளே மூன்று தாடைகள் இருப்பதால், அது கடித்த இடத்திலே மூன்று கதிர் கொண்ட சிறு அடையாளம் விழும். ஆண்மையும் பெண்மையும் ஒரே உடலிலே அமைந்த பிராணி அது. ஒருமுறை வயிறு நிறையக் குடித்தால் தன் எடையைப்போல் ஐந்து மடங்கு வரை குடித்துவிடும். குடித்தபின் பல மாதங்களுக்கு வேறு உணவே வேண்டாம். அந்த இரத்தம் அதன் வயிற்றிலே கெடாமல் கிடந்து மெல்ல மெல்லச் செரிக்கும்.

வட்டி வாங்கிப் பிழைப்பவனை நாம் அட்டை என்று ஏசுகின்றோம். இதுவும் அட்டைக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கின்றோம். வயிறு நிறைந்ததும் அட்டை தானாக விழுந்துவிடும். வட்டிக்காரன் விழுவதுண்டா? மனுநூல் இந்த நுட்பத்தை அறிந்திருந்தது. அட்டையும் கன்றும் தேனீயும் சிறிது சிறிதாக உணவு கொள்வதுபோல அரசன் குடிகளிடம் வரி கொள்ளவேண்டும் என்பது அந்நூலின் கருத்து. மிஷன் பாடசாலையிலே படித்த நாம் விவிலியத்தின் நீதிமொழிகளிலும் அட்டையைக் கண்டதுண்டு. அங்கே அது போதும் என்று சொல்லாத பேராசைக்கு உவமை. பிருகதாரணியக உபநிடதத்திலோ, புல்லின் நுனியை அடைந்த அட்டை அடுத்த புல்லைப் பற்றிக்கொண்டு பழைய புல்லை விடுவதுபோல ஆன்மா ஓர் உடலை விட்டு இன்னோர் உடலைப் பற்றுகிறது என்ற உவமை வருகின்றது. அங்கே குறிப்பது புல்லில் ஊரும் புழு என்று கொள்வாரும் உண்டு. எப்படியாயினும், ஊர்ந்து செல்லும் அற்பப் பிராணியை உற்றுநோக்கியவர்களே இத்தகைய உவமையைச் சொல்லமுடியும். தன்வந்திரியின் திருவுருவங்கள் சிலவற்றிலே அமிர்த கலசத்தோடு அட்டையும் கையில் இருப்பதைக் காணலாம். தேவ வைத்தியன் கையிலே அட்டை இருக்கும்போது நாம் முகஞ்சுளிப்பது எதற்கு?

இனி வளர்ப்பு முறைக்கு வருவோம். சுசுருத சங்கிதையிலே அட்டைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நீரே ஆயுளாகவும் நீரே வீடாகவும் உடையது என்று அதன் பெயருக்குக் காரணம் கூறி, அட்டைகளைப் பன்னிரண்டு வகையாக அந்நூல் பிரிக்கின்றது. ஆறு நஞ்சுடையவை, ஆறு நஞ்சற்றவை. அழுகிய மீனும் தவளையின் மலசலமும் கலந்த கெட்ட நீரிலே பிறப்பவை நஞ்சுடையவை. தாமரையும் அல்லியும் பூக்கும் தெளிந்த நீரிலே வாழ்பவை நல்லவை. ஈரமான தோலைக் காட்டி அவற்றைப் பிடிக்கவேண்டும். புதிய பெரிய மட்பாண்டத்திலே குளத்து நீரும் சேறும் இட்டு, படுக்கைக்குப் புல்லும் நீர்த்தாவரங்களின் இலையும் போடவேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நீரை மாற்றவேண்டும். ஏழு நாளுக்கொருமுறை பாண்டத்தையே மாற்றவேண்டும். நடு உடல் பருத்தவை, மெதுவாக அசைபவை, கடிக்க மறுப்பவை வைத்தியத்துக்கு ஆகா.

சபையோரே, இங்கே மெத்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். சேறும் புல்லும் இலையும் இருக்கின்றன. நமது பழமொழியின் செத்தை இதுவே.

இரத்தம் குடித்து முடித்த அட்டையை என்ன செய்வது என்பதையும் நூல் சொல்கின்றது. அரிசிமாவைத் தூவி, வாயிலே எண்ணெயும் உப்பும் தடவி, வாற்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக மெல்ல வழித்துக் குடித்த இரத்தத்தைக் கக்கச் செய்யவேண்டும். பின்பு நீரிலே விட்டால் அது இரைதேடித் திரியவேண்டும். அசையாது கிடந்தால் கக்கியது போதாது என்று அறிந்து மீண்டும் கக்கச் செய்யவேண்டும். நோயாளியைப் பற்றிப் பேசும் வைத்தியநூல், நோயாளிக்கு உதவிய புழுவின் நோயைப் பற்றியும் கவலைப்படுகின்றது. இந்தக் கவலையை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

நமது சித்த வைத்தியத்திலே புறமருத்துவம் முப்பத்திரண்டு என்பர். அவற்றுள் ஒன்று அட்டைவிடல். பரியாரியார் அட்டைவிட்ட கதைகளை நம் வீடுகளிலே முதியவர்கள் இன்னும் சொல்வதுண்டு. எம் ஆச்சியார் சிறுமியாயிருந்த காலத்திலே, வீங்கிய கட்டுக்கு அட்டை விட்டபோது அயலெல்லாம் கூடிநின்று பார்த்ததாம். "நோகேல்லை அப்பு, கூச்சம்தான்" என்று அவர் சொல்லுவார். கடிக்கும்போது அதிக நோவு தெரியாதென்பது உண்மையே. கத்தியைக் கண்டு அஞ்சும் சிறுவர், முதியோர், மெலிந்தோர் ஆகியோருக்கு அட்டையே ஏற்றதென்று சுசுருதரும் சொல்லியிருக்கிறார்.

இனி மேனாட்டுக்குச் செல்வோம். அங்கே அட்டையைச் செல்லப்பிராணியாகவே வளர்த்த ஒரு பெருமகன் இருந்தார். 1806 ஆம் ஆண்டிலும் 1807 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் லோட் சான்சலராகப் பதவி வகித்த தோமஸ் எர்ஸ்கின் பிரபுவே அவர். போட்ஸ்மத் நகரிலே கடும் நோயுற்றபோது இரண்டு அட்டைகள் தம் உயிரைக் காத்தன என்று நம்பிய அவர், அவ்விரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பாத்திரத்திலே வைத்து நாள்தோறும் புதுநீர் ஊற்றினார். அக்காலத்துப் புகழ்பெற்ற சத்திரவைத்தியர் இருவரின் பெயர்களான ஹோம், கிளைன் என்பவற்றை அவற்றுக்குச் சூட்டினார். இரண்டின் குணமும் வெவ்வேறு என்றும், அவை தம்மை அறியும் என்றும் விருந்தினரிடம் வாதாடினார். இவ்விருந்துக் கதையை எழுதிவைத்தவர் சட்ட அறிஞர் சேர் சாமுவேல் ரொமில்லி. கேட்டவர்கள் நகைத்திருக்கக்கூடும். ஆனால் இதே எர்ஸ்கின் பிரபு 1809 ஆம் ஆண்டிலே, விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றைப் பிரபுக்கள் சபையிலே கொண்டுவந்தார். அம்மசோதா பொதுமக்கள் சபையிலே தோற்றது. எனினும் பின்வந்த சட்டங்களுக்கு அது வழிகாட்டிற்று. அட்டைக்கு இரங்கிய நெஞ்சம் குதிரைக்கும் கழுதைக்கும் இரங்கியதிலே வியப்பென்ன?

எல்லாரும் எர்ஸ்கின் பிரபுவைப்போல் இருக்கவில்லை. பிரான்சிலே புரூசே என்னும் வைத்தியர் எந்நோய்க்கும் இரத்தம் வாங்குவதே மருந்து என்று போதித்தார். அதன் பயனாக 1833 ஆம் ஆண்டு ஒன்றிலேயே அந்நாடு 4 கோடியே 15 இலட்சம் அட்டைகளை இறக்குமதி செய்தது. பயன்படுத்துவார், எறிந்துவிடுவார், மீண்டும் குளங்களிலே அள்ளுவார். மேற்கு ஐரோப்பாவின் பல குளங்களிலே அட்டை அருகிப்போயிற்று. ஒருகாலத்திலே கோடிக்கணக்கில் விலைப்பட்ட ஐரோப்பிய மருத்துவ அட்டை, 1987 ஆம் ஆண்டிலே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அள்ளுவதற்கு அறிந்திருந்தார்கள், பேணுவதற்கு அறியவில்லை.

பின்பு அட்டை வைத்தியம் ஏளனத்துக்கு உரியதாயிற்று. ஆயினும் விஞ்ஞானம் அதை முற்றாகக் கைவிடவில்லை. 1884 ஆம் ஆண்டிலே ஜோன் ஹேகிராப்ட் என்பவர், இரத்தம் உறையாமற் தடுக்கும் ஒரு பொருள் அட்டையிடம் இருப்பதைக் கண்டறிந்தார். ஹிருடின் என்று பின்பு அதற்குப் பெயர் வந்தது. இருதய நாடிகளிலே அடைப்பு நீக்கும் சிகிச்சையின்போது இன்று பயன்படும் பைவலிருடின் என்னும் மருந்து, அந்த ஹிருடினை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்டதே. 1985 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு சிறுவனின் துண்டான காதை ஒட்டவைத்தார் சத்திரவைத்தியர் ஜோசப் அப்ரன். நாடிகளைத் தைத்தாயிற்று; ஆனால் இரத்தம் உள்ளே போனதேயன்றித் திரும்பி வெளிவர வழியின்றித் தேங்கிக் காது கருகத் தொடங்கிற்று. அட்டைகளை விட்டார். தேங்கிய இரத்தம் வடிந்தது, காது பிழைத்தது. 2004 ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் அட்டையை மருத்துவ சாதனமாக விற்க அனுமதி வழங்கிற்று.

கெட்ட இரத்தத்தை அட்டை முதலிலே குடிக்கும், அன்னம் நீரை விட்டுப் பாலைக் கொள்வதுபோல என்று வாக்கபடர் எழுதினார். அட்டைக்கு நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்ற பகுப்பறிவு இருப்பதாக இன்றைய விஞ்ஞானம் ஒப்பவில்லை. ஆனால் தேங்கிநின்ற இரத்தத்தை அது வடிக்கும் என்பதை ஒப்புகின்றது. முன்னோர் கண்டது மெய். அவர்கள் கூறிய காரணம் அக்காலத்துக் காரணம். நஞ்சுடைய அட்டை என்ற பகுப்பும் இத்தகையதே. நஞ்சுடைய அட்டையினம் இருப்பதாக விலங்கியலார் கூறவில்லை. ஆயினும் அட்டையின் குடலிலே வாழும் பற்றீரியா காயத்திலே புகுந்து தொற்றை உண்டாக்கும் என்பதை நவீன வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். அதற்கென்று நோயாளிக்கு முன்கூட்டியே மருந்தும் கொடுப்பார்கள். அழுக்கு நீர் அட்டையை விலக்கு என்ற பழைய விதி நல்ல விதியே. பாசியும் உலர்ந்த இறைச்சியும் அட்டைக்கு உணவாகக் கொடுக்கும்படி சுசுருதர் சொல்வது மாத்திரம் நமக்குப் பொருந்தவில்லை. இந்த அட்டை உண்பது இரத்தமே.

இங்கேதான் சைவராகிய நமக்குச் சங்கடம் வருகின்றது. இரத்தத்துக்கு எங்கே போவது? பிரான்சு முதலிய நாடுகளின் அட்டைப் பண்ணைகளிலே இறைச்சிக்கென வெட்டிய மாட்டின் இரத்தத்தை இளஞ்சூடாக்கி, மெல்லிய தோற்பையிலே நிரப்பிக் கொடுக்கின்றார்கள். தம் கையையே கொடுத்து வளர்ப்பவர்களும் உலகிலே உண்டு. புறாவுக்காகத் தன் தசையை அரிந்துகொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் அதை நாம் யாருக்கும் சிபாரிசு செய்யோம். கடிவாயிலே பல மணிநேரம் இரத்தம் கசியும். இரத்தசோகை உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கும் அது ஆபத்து. ஒருவரைக் கடித்த அட்டையை இன்னொருவர் மீது விடுவது மிகப்பெரிய ஆபத்து. ஒருவரின் நோய் மற்றவருக்குத் தொற்றும்.

சென்ற மாரி காலத்திலே நாமும் நண்பர் ஒருவரும் வயல்வாய்க்காலிலே பிடித்த இரண்டு அட்டைகளைப் பெரிய போத்தலொன்றிலே வைத்து வளர்த்தோம். போத்தல் குசினி வாசலைத் தாண்டக்கூடாது என்பது அன்னையாரின் கட்டளை. வாயைச் சீலையால் இறுகக் கட்டவேண்டும்; இல்லாவிடில் இரவிலே அட்டை பயணம் போய்விடும். குளோரின் இட்ட நீர் அதற்கு நஞ்சு. ஆகவே மழைநீரை ஏந்தி வைத்தோம். சவர்க்காரம் பட்ட கையை நீரிலே தோய்க்கலாகாது. வெயில் ஆகாது. நீர் கலங்கினால் உடனே மாற்றவேண்டும். உணவு கேட்டு அவை ஒருநாளும் தொல்லை தரவில்லை. கையை அருகே கொண்டுபோனால் அதன் சூட்டை உணர்ந்து தலையை உயர்த்தித் தேடும். நீந்தும்போது பட்டுநாடா அலைவதுபோல இருக்கும். அயலவர் ஒருவர், "தம்பி, உதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறியள்?" என்று கேட்டார். "இப்ப உபவாசம், ஐயா" என்றோம். பங்குனிக்கு முன் அவற்றைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டோம். நாம் கொடுக்க இயலாத உணவை அவை தாமே தேடிக்கொள்ளட்டும் என்பதே எமது தீர்ப்பு.

வைத்தியத்துக்கு உதவிய அட்டையைப் பற்றியும் ஒரு தீர்ப்பு வேண்டும். மேனாட்டு வைத்தியசாலைகளிலே, தொற்றுக்கு அஞ்சி, பயன்படுத்திய அட்டையை அற்ககோலிலே போட்டுக் கொன்றுவிடுவார்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. சுசுருதரின் கருணையும் நியாயமானது. இரண்டையும் இணைக்கும் வழி ஒன்று இந்தியாவிலே சில வைத்தியர்களிடம் உண்டு. ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட அட்டையை அவருடைய பெயர் எழுதிய தனிப்போத்தலிலே வைத்து, மீண்டும் வேண்டுமானால் அவருக்கு மாத்திரமே பயன்படுத்துவார்கள். ஒரு சிறு பெயர்ச்சீட்டிலே சீவகாருணியமும் சுகாதாரமும் கைகோக்கின்றன.

இளைஞர்களே, நமது பழைய கலைகளைப் பற்றி இரண்டுவிதமான பேச்சுக்கள் நம்மிடையே நடக்கின்றன. ஒரு சாரார், எல்லாம் மூடநம்பிக்கை என்று குப்பையிலே எறிகின்றார்கள். மற்றொரு சாரார், எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பட்டுமெத்தையிலே கிடத்துகின்றார்கள். குப்பையிலும் அட்டை சாகும். மெத்தையிலும் அட்டை சாகும். அதற்கு வேண்டியது சுத்தமான நீரும், நாள்தோறும் பார்க்கும் கண்ணுமே. கலைகளுக்கும் அதுவே வேண்டும். சோதித்துப் பார்த்தல் என்பது நீரை மாற்றுவது போன்றது, மாற்றாவிட்டால் நாறும். மேனாட்டாருக்கும் இது பொருந்தும். அவர்கள் பல்லாண்டாக ஒரே பெயரிட்டு விற்ற மருத்துவ அட்டை, உண்மையிலே வேறோர் இனம் என்பது 2007 ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாற் தெளிவாயிற்று. கையிலேயே வைத்திருந்தும் உற்றுநோக்க இத்தனை காலம் சென்றது.

நம் அயலிலே கைதடியில் 1984 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த வைத்தியக் கல்வி நடைபெற்று வருகின்றது. நம் வீடுகளிலே அட்டைவிட்டதைக் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, அறிந்தவர்களிடம் சேர்ப்பது நம் சங்க இளைஞர்களால் இயலாத காரியமா? குளங்களையும் கேணிகளையும் பற்றியும் ஒரு சொல். உரம் மிகுந்து நம் குடாநாட்டின் பல கிணறுகளிலே நைத்திரேற்று அளவு மீறிவிட்டதென்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்து வருகின்றார்கள். நல்ல அட்டை தெளிந்த நீரிலே வாழும் என்றது சுசுருத சங்கிதை. நாமும் அந்த நீரையே குடிக்கின்றோம். அட்டை வாழமுடியாத நீரிலே நம் பிள்ளைகள் எப்படி வாழ்வார்கள்?

ஆகவே இந்த மாரி முடிந்ததும் நம் ஊர்க் குளங்களின் கரையைத் துப்புரவாக்கும் சிரமதானப் பணியிலே யாவரும் கூடவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். பணியின்போது காலிலே அட்டை ஒட்டினால் பதறி இழுக்கவேண்டாம். நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பி எடுத்துத் தண்ணீரிலே விட்டுவிடுங்கள். அதுவும் அந்தக் குளத்துக்கு உரிமையாளன்தான்.